மீன்காரிக்கு இங்கிலீஷ் வந்த கதை

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதன் கேட் ஓரம், வாதா மரத்தடியில், முப்பது வருஷமாக நான் மீன் விற்றேன். கிடங்கை இடித்துப் பத்து மாடி ஃபிளாட் கட்டினார்கள். கடல் தெரிகிற பால்கனி என்று சொல்லிச் சொல்லியே விற்றார்கள். வாங்கினவர்களுக்குக் கடல் வேண்டும், கடல் காற்று வேண்டும், மீனும் வேண்டும். வாசனை மட்டும் கூடாது. மரத்தை அழகுக்கு விட்டு வைத்தார்கள். மரத்தோடு நானும் அங்கேயே இருந்தேன்.

ஒரு நாள் ஃபிளாட் செக்ரட்டரி ஒரு காகிதத்தோடு வந்தார். "மீன்காரம்மா, ரெண்டு மாசம் கழிச்சு மீட்டிங். நீங்க இங்க உக்காரலாமா கூடாதான்னு ஓட்டு எடுக்கப் போறோம்."

"இன்னா சார் எழுதிகீது இதுல?"

"அதான் சொன்னேனே. இங்கிலீஷ்ல இருக்கு."

அந்த வாரமே நாலாவது மாடி டீச்சரம்மா கீழே இறங்கி வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மத்தியானம் ஃபிளாட்டின் ஹாலில், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் வாசலில் விற்கிறவர்களுக்கும் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கப் போகிறாராம். இலவசம்.

"மீட்டிங்ல நீங்களே இங்கிலீஷ்ல பேசுங்க மீன்காரம்மா. ஒரு மரியாதை வரும். நான் உங்க பக்கம் இருக்கேன்."

அவர் போனதும், பக்கத்தில் கருவாடு விற்கிற என் கூட்டாளி வாயைக் கோணினாள். "மீன் தலைய ஓசில கேக்கசொல்ல தமிழ் வருது. மரியாதைக்கு மட்டும் இங்கிலீஷ் ஓணுமாக்கா?"

இருந்தாலும் போனோம். எனக்கு என் மரத்தடி வேண்டும். அவளுக்கு நான் போகிற இடத்துக்கெல்லாம் வர வேண்டும்.

முதல் பாடம் நவுன். அதாவது பேர். டீச்சரம்மா ஒரு படத்தை ஒட்டினார். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற ஆரஞ்சு நிற மீன். "ஃபிஷ். எல்லாரும் சொல்லுங்க, ஃபிஷ்." சொன்னோம்.

"இது ஃபிஷ்னா வஞ்சிரம் இன்னா டீச்சரம்மா?"

"அதுவும் ஃபிஷ்தான்."

"சங்கரா?"

"ஃபிஷ்."

"காரப்பொடி?"

டீச்சரம்மா புத்தகத்தைப் புரட்டினார். அதற்கெல்லாம் தனித்தனியாகப் பேர் இருக்கிறதாம், அவருக்குத்தான் தெரியாதாம். முப்பது வருஷம் பாடம் நடத்தியவர், வாராவாரம் என்னிடம் மீன் வாங்குகிறவர். படிக்க வந்த இடத்தில் வாயை அடக்கத்தானே வேண்டும்.

இன்னொரு சனிக்கிழமை குட், பெட்டர், பெஸ்ட் நடத்தினார். அவர் குட் என்றார். நான் பெட்டர் என்றேன். கருவாட்டுக்காரி பெஸ்ட் என்று கத்தினாள். விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் நின்று பழகிய தொண்டை எங்களுடையது. ஒருத்தி ஏற்றினால் அடுத்தவள் சும்மா இருக்க முடியாது. பின்னாலிருந்து ஒருத்தி, "சூப்பர் பெஸ்ட்!" நான் விடுவேனா, "டபுள் பெஸ்ட்!" டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"பெஸ்ட்டோட முடிஞ்சது! அதுக்கு மேல கிடையாது!"

"அப்ப ஏலம் எனக்குத்தான், கூடைய என்கிட்ட குட்துடுங்க. பெஸ்ட் சொன்னது நாந்தான்," என்றாள் கருவாட்டுக்காரி.

பிறகு சிமிலி, மெட்டஃபர் என்று இரண்டு வந்தன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று மாதிரி இருக்கிறது என்றால் சிமிலியாம். நிலா மாதிரி முகம் என்று டீச்சரம்மா உதாரணம் சொன்னார். கருவாட்டுக்காரி தன் வீட்டுக்காரரைச் சொன்னாள். "அவரு வாயி கூவம் மாதிரி."

"கரெக்ட்! இப்ப அந்த 'மாதிரி'ய எடுத்துட்டா மெட்டஃபர்."

"அவரு வாயே கூவம்தான் டீச்சரம்மா. தண்ணி போட்டா மெட்டஃபர், போடாதன்னிக்கு சிமிலி."

தண்ணீர்க் குழாயடியில் காலையில் ஆரம்பித்துக் கதவு சாத்துகிற வரைக்கும் நாங்கள் பேசுவதே இதுதான். இதற்கு ஒரு பேரும், அந்தப் பேருக்கு ஒரு பரீட்சையும் உண்டென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் தெருவே பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கும்.

கடைசியில் அட்ஜெக்டிவ். ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்கிற வார்த்தை. அட்டைகளில் எழுதிக் காட்டினார். கிளீன், டர்ட்டி. ஃபிரெஷ், ஸ்மெல்லி. ஸ்வீட், சால்ட்டி. நான் அவற்றை நன்றாக மனசில் ஏற்றிக்கொண்டேன். மீட்டிங்கில் பேசுவதற்கு அவரே எனக்கு ஆறு வரி எழுதிக் கொடுத்தார். செதிள் சீவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மீட்டிங் அன்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அதே ஹால். எங்களுக்கு வகுப்பு நடக்கும்போது பாய், அவர்களுக்கு நாற்காலி. கருவாட்டுக்காரியும் நானும் கதவோரம் நின்றோம். ஆறு வரியையும் தடுமாறாமல் சொன்னேன். ஐ ஆம் செல்லிங் ஃபிரெஷ் ஃபிஷ். ஐ கீப் தி பிளேஸ் கிளீன். எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூட விழாவில் சின்னப் பிள்ளை தப்பில்லாமல் பாடி முடித்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டு. ஒரு அம்மா போட்டோ கூட எடுத்தார்.

தட்டி முடித்ததும் இங்கிலீஷில் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஆறு வரிதான் எனக்கு வரும் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. செக்ரட்டரி வேகமாகப் பேசினார். அதில் நியூசென்ஸ் என்று ஒரு வார்த்தை நாலைந்து தடவை வந்தது. அது எனக்குச் சொல்லித் தராத வார்த்தை. பிறகு டீச்சரம்மா எழுந்தார்.

"ஷி இஸ் எ ஸ்வீட் ஓல்டு லேடி. பட் தி பிளேஸ் இஸ் டர்ட்டி. வெரி ஸ்மெல்லி."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. எல்லாம் அவர் காட்டின அட்டைகள்தானே.

"டீச்சரம்மா," என்றேன். "டர்ட்டின்னு சொன்னீங்களே, அது எனக்கா, மீனுக்கா?"

டீச்சரம்மா சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"ஐயோ, உங்கள இல்ல மீன்காரம்மா. அந்த இடத்தைத்தான்..."

"அந்த எடத்த தெனம் பினாயில் ஊத்திக் கழுவுறவ நானு. உங்க வூட்டுக்கு சங்கரா கீறி அனுப்பசொல்ல கிளீனா இருந்த எடம், மீட்டிங்ல டர்ட்டி ஆயிடுச்சா?"

செக்ரட்டரி குறுக்கே வந்தார். "உங்களுக்குப் புரியும்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"புரியாதுன்னுதான சார் பேசுனீங்க? புரியறதுக்குன்னுதான கிளாஸும் வெச்சீங்க? ரெண்டுல ஒண்ணுதான் பண்ண முடியும்."

இதற்கும் யாரோ கை தட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் ஓட்டு. நான் போக வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். டீச்சரம்மா கையைத் தோள் வரைக்கும்தான் தூக்கினார். செக்ரட்டரி அதையும் ஓட்டில் சேர்த்துக்கொண்டார்.

மரத்தடி போயிற்று. எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் ஓரம் உட்கார்ந்திருக்கிறேன். அது கார்ப்பரேஷன் ரோடு, ஓட்டுப் போட்டு என்னை எழுப்ப முடியாது. பத்து மணிக்கெல்லாம் வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. ஐஸ் முன்னைவிட இரண்டு மடங்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஃபிளாட்காரர்கள் ரோட்டைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். "இன்னாத்துக்குக்கா இன்னும்? போன எடம் திரும்பியா வரப்போவுது?" என்று திட்டிக்கொண்டே கருவாட்டுக்காரியும் வந்தாள். டீச்சரம்மா என்னை எதிர்பார்க்கவில்லை. உட்காருங்கம்மா என்று பாயைக் காட்டினார்.

"இன்னிக்கு டென்ஸ் பாக்கலாம்," என்றார்.

"அதுக்கு மின்னாடி ஒரு வார்த்தை டீச்சரம்மா. மீட்டிங்ல சார் சொன்னாரே, நியூசென்ஸ். அத்த போர்டுல எழுதி அர்த்தம் சொல்லுங்க."

வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள். அவர் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. பக்கத்தில் தமிழில், தொல்லை. நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டோம். வார்த்தை எழுதினால் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்வது அவர் வழக்கம்.

"வாக்கியம் சொல்லுங்க டீச்சரம்மா," என்றேன்.

போர்டைப் பார்த்தபடியே நின்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.