முடிச்சுப் பையை எடுக்க மாட்டாள்

எங்கள் குடியிருப்பில் குப்பை எடுக்க வருபவளுக்குக் 'கறார்' என்று பெயர். வைத்தவன் நான்தான். தரைத்தளத்தில் தையல் கடை போட்டிருப்பவனுக்கு வாய் சும்மா இருக்குமா? பதினோரு வருடமாக அதே தள்ளுவண்டி, அதே வேக நடை. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் இந்த வேலையை வைத்துத்தான் ஆளாக்கிக்கொண்டிருந்தாள்.

ஈரக் குப்பைக்குப் பச்சை வாளி, உலர்ந்ததற்கு நீலம் என்று வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பிரிக்கத்தான் பிரித்தோம். ஆனால் பச்சை வாளி அழுக்காகிவிடக் கூடாதே! மீந்த சோற்றையும் காய்த்தோலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக முடிச்சுப் போட்டு, வாளிக்குள் வைத்தோம். வாளி பளபளவென்று இருந்தது. தினமும் நாற்பது முடிச்சு அவிழ்த்தவள் அவள். நானும் முடிச்சுப் போட்ட புண்ணியவான்தான்.

ஒரு நாள், பைக்குள் கிடந்த உடைந்த கண்ணாடி அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். நான்காம் நாளே கட்டோடு வந்து நின்றாள்.

"இனிமே முடிச்சுப் பையை எடுக்க மாட்டேன். வாளியில கொட்டி வைங்க. இல்லன்னா நீங்களே வச்சுக்குங்க."

சொன்னபடியே செய்தாள். மூன்றாவது மாடியில் சங்கச் செயலாளர் வீட்டுப் பை இரண்டு நாள் வாசலிலேயே கிடந்து நாறியது. மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளுடைய மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். அவரும் வந்து, பையைக் கீழே கொண்டுவரச் சொல்லி, எங்கள் எல்லோர் முன்னாலும் அவளிடம் எகிறினார்.

"எடுக்கிறியா, இல்ல நாளையிலேர்ந்து வேற ஆளைப் போடட்டுமா?"

சின்னவளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பேசாமல் எடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தப் பையைத் தூக்கி மேற்பார்வையாளர் காலடியில் வைத்தாள்.

"நீங்க ஒரு தடவை கையை விட்டுப் பிரிச்சுக் காட்டுங்க சார். அப்புறம் நான் எடுக்கிறேன்."

அவர் குனிந்தார். முடிச்சுவரை போன கை அப்படியே நின்றது.

"கிளவுஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆறு மாசமா நானும் அதைத்தான் சார் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேற்பார்வையாளர் மெல்ல நிமிர்ந்தார். செயலாளர் பக்கம் திரும்பி, "உங்க பையை நீங்களே கொட்டிடுங்க சார்" என்றார்.

செயலாளர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. அவள் உதவிக்குப் போகவில்லை. வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி, அவர் முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.