ஆட்டு ஈரலைத் தொடாத விஞ்ஞானி

சுனந்தா அக்காவைப் பார்ப்பதற்காக விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டியை எதிர்பார்த்து நின்றிருந்தேன். அவருடைய தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க மேடம். ஜல்தி வாங்க, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம்." வந்த வண்டியைத் தவறவிட்டு, அடுத்ததில்தான் ஏறினேன்.

திண்டிவனத்துக் கல்லூரியொன்றில் அக்காவும் நானும் உயிர்வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றினோம். நொதி என்றால் என்னவென்று கேட்பவர்களிடம், "தின்ன சோத்த ஒடம்புல சேக்கற வேலையாளு" என்பார்.

செஞ்சிச் சாலையில் உள்ள ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம் அவருடையது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் பேராசிரியர் ஆட்டு ஈரல் வாங்கிவரச் சொன்னாராம். நொதி பிரிக்க அங்கே எல்லோரும் அதைத்தான் அரைப்பார்கள். அக்கா மறுத்தார். "அப்போ வீட்டுக்குப் போம்மா" என்றார்கள். வீட்டுக்குத்தான் போனார். சொந்த நிலத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முளைகட்டி எடுத்துக்கொண்டு வேறோர் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார். கொழுப்பைச் செரிக்கும் நொதியை அந்த முளையிலிருந்து பிரித்தெடுத்தார். எங்கள் வட்டாரத்தில் அதற்குமுன் யாரும் செய்திராத வேலை அது.

தம்பி சும்மா விடுவாரா? "மொளையும் உயிர்தானக்கா, அத்த அரைச்சிக்கினு இருக்கியே?"

"ஆமாண்டா. அதான் ஒரு சொட்டு கூட சிந்த மாட்டேன்."

அந்த நொதியை நோயாளிகளுக்கான மாத்திரையாக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. மின்வெட்டிலும் வெயிலிலும் அது கெட்டுக்கொண்டே இருந்தது. அதற்குள் ஓய்வுபெறும் வயதும் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு, அதே நொதியைச் சுரக்கும் அவருடைய கணையமே செயலிழந்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. செடியிலிருந்து எடுத்ததாகக் கடையில் கிடைத்த மாத்திரைகள் போதவில்லை. விழுப்புரத்து மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அட்டையைப் பார்த்ததும் அக்கா, "இது பன்னிக் கணையத்துலேர்ந்து எடுக்கறது" என்று தள்ளி வைத்துவிட்டார்.

கெஞ்சினேன், திட்டினேன். "மருந்துக்குப் பாவம் கெடையாதுக்கா" என்று அழுதேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் மாத்திரைய நான் முடிக்கல. அதுக்குப் பன்னி எதுக்குடி சாவணும்?"

எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய தம்பி, அந்தப் பிரிக்காத அட்டைகளை எடுத்துவந்தார். "குப்பையில போட மனசு வரல மேடம். இதுக்கும் ஒரு உயிரு போயிருக்கு இல்ல?" கொல்லை ஓரத்தில் குழி தோண்டி, மாத்திரைகளைப் பிதுக்கிப் போட்டார். நானும் ஒரு பிடி மண் தள்ளினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத ஊரில், அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள்மேல் உள்ள கோபம் ஆற எனக்கு இன்னும் நாளாகும்.