சரித்திரப் பதிவேடு

பி.ஏ. வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கோவில்பட்டியில் யாரும் கேட்பதில்லை. "வேற எதுலயும் எடம் கெடைக்கலையாக்கும்?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் வகுப்பில் சிலர் பி.எட். போனார்கள். சிலர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டே குரூப் தேர்வுக்குப் படித்தார்கள். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபரானேன்.

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் புதூர் பக்கத்துக் கிராமத்துக்காரன். போலீஸ் வேலைக்காகக் காட்டுப்பாதையில் தினமும் ஓடினான். எழுத்துத் தேர்வு, உடல்தகுதி இரண்டிலும் தேறிவிட்டான். பாக்கி ஒன்றுதான்: அவன் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போக வேண்டும்.

நிருபரான புதிதில் நான் கற்ற சொல் 'சரித்திரப் பதிவேடு'. கொலை, அடிதடி என்று பேர் வாங்கியவர்களுக்காக ஸ்டேஷனில் வைத்திருப்பது. டீக்கடையில் அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"அப்ப சரித்திரம் படிச்சவனுக்கு ஸ்டேஷன்ல தனி டிபார்ட்மெண்டே இருக்குன்னு சொல்லு மாப்ள."

அந்த மாதம் அவர்கள் வீட்டு ஆடுகள் பங்காளியின் மக்காச்சோளத்தில் இறங்கின. சினையாட்டின் முன்னங்காலைப் பங்காளி மண்வெட்டியால் வெட்டினார். ஏன் என்று கேட்கப் போனவன் இவனுடைய அண்ணன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அண்ணன் மேல் பங்காளியின் அரிவாள் விழுந்தது. தலையைக் காக்க உயர்த்திய வலது கை மணிக்கட்டுக்கு மேலே தோலில் தொங்கியது. 'கையில் பலத்த வெட்டுக்காயம்' என்று செய்தி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், ரத்தம் ஊறிய அண்ணன் சட்டையைப் பாலிதீன் பையில் வைத்துக்கொண்டு என் நண்பன் உட்கார்ந்திருந்தான். அவன் சித்தப்பா எதிரே நின்று கத்தினார்.

"ஏலே, நீ படிச்ச சரித்திரத்துல எந்த ராசாலே அண்ணன் கை போனப்பொறவு பெஞ்சுல உக்காந்திருந்தான்?"

"சண்டைக்குப் போன ராசாமாரு எல்லாரும் பரீட்சைல கேள்வியா வந்துட்டாவ சித்தப்பா. ஒருத்தரும் போலீஸ் வேலைக்கு வரல."

சித்தப்பா தரையில் துப்பிவிட்டுப் போனார்.

வண்டியை எடுக்கப் பின்பக்கம் போனேன். வேப்பமரத்துக்குக் கீழே பங்காளி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மச்சினன் சவரப் பிளேடை அவர் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் வைத்திருந்தான்.

"ஆழமா இழுத்துராதலே."

"பொறுங்க அத்தான். தையல் விழணும்லா."

இழுத்தான். ரத்தம் புருவத்தில் தங்கி, மூக்கின் ஓரமாக இறங்கியது. பங்காளி அதை உள்ளங்கையில் ஏந்திச் சட்டையில் தேய்த்துக்கொண்டு, நொண்டியபடி அவசரப் பிரிவுக்கு நடந்தார். வெட்டியவரும் வெட்டுப்பட்டவராகப் படுத்துக்கொண்டு எதிர்ப்புகார் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்தப் புகாரில் முதலில் வருவது எதிராளி வீட்டில் அரசு வேலைக்குக் காத்திருப்பவன் பெயர். அரிவாள் எட்டாத இடத்தை அது எட்டும்.

பார்த்ததை உடனே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"நீங்க சொல்லுதது நெசமாத்தான் இருக்கும் தம்பி. புகார் வந்தா கேஸ் போட்டுத்தான ஆகணும்? கோர்ட்ல வந்து சொல்லுங்க."

கோர்ட்டுக்கு வருஷக்கணக்காகும். அவன் பேரில் வழக்கு உண்டு என்ற அறிக்கை அந்த வாரமே போய்விட்டது. நண்பன் போனில் ஒரே வரிதான் பேசினான்: "போயிட்டு மாப்ள."

பங்காளி ஜாமீனில் வந்த சில நாளில், அதே பஸ் நிறுத்தம். முந்தின நாள் நல்ல மழை. அவருடைய செருப்புகள் இரண்டும் கரிசல் சேற்றில், ஓடும் திசையைப் பார்த்து ஒட்டியிருந்தன. உடல் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. கழுத்தில் ஒரு வெட்டு, பிடரியில் ஒன்று. வலது கை தனியாக. அதில் ரத்தம் அதிகம் இல்லை. உயிர் போன பிறகுதான் அதை வெட்டியிருக்கிறான் என்றார் ஏட்டு. கரிசல் மண்ணில் ரத்தம் தெரியாது. ஈ மொய்க்கும் இடத்தை வைத்துத்தான் எங்கே முதல் வெட்டு விழுந்தது என்று பார்த்தேன்.

என் செய்திக்கு அலுவலகத்தில் வைத்த தலைப்பு: 'பட்டதாரி வாலிபர் கைது.'

பல மாதம் கழித்து நிபந்தனை ஜாமீனில் வந்தான். காலையில் செய்தி சேகரிக்க நான் போகும் அதே நேரத்தில், கையெழுத்துப் போட அவனும் ஸ்டேஷனுக்கு வருவான். ஒருநாள் ஏட்டு நோட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"ஒழுங்காப் போடுலே. ஒனக்கும் சரித்திரப் பதிவேடு தொறந்தாச்சு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டியா மாப்ள? நம்ம செட்டுல படிச்ச சப்ஜெக்ட்லயே போஸ்டிங் வாங்குனது நான் ஒருத்தன்தான்."

ஏட்டு சிரித்துவிட்டார். வாசலில் சித்தப்பா பைக்கை அணைக்காமல் நின்றார். கையெழுத்துப் போடுகிறவன் எந்நேரம் வருவான், எந்த வழியில் திரும்புவான் என்பது ஊருக்கே தெரியும். பங்காளிக்கு வளர்ந்த மகன் ஒருவன் உண்டு. நண்பன் பின்னால் ஏறி, சட்டையை முதுகில் இழுத்துவிட்டுக்கொண்டான். சட்டைக்கு அடியில் நீளமாக ஒன்று துருத்தியிருந்தது.