மாமனின் டிவி கேமுக்குச் சத்தம் கூட்டிய கதை

என் மாமனுக்கு என்னைவிட அவருடைய டிவி கேம் பெட்டியின் மேல்தான் பாசம் அதிகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய பெட்டி அது. மேலே கேசட்டைச் செருகிவிட்டு, ஒயரின் முனையில் இருக்கும் பட்டன்களை அமுக்கினால் டிவியில் ஒரு குட்டி ஆள் ஓடுவான், குழி வந்தால் தாண்டுவான், தாண்டாவிட்டால் செத்துப்போவான். கல்யாணமாகி, காங்கேயத்தில் எண்ணெய் மில் வேலைக்குப் போன பிறகும் மாமன் அதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஒரு முழுப்பரீட்சை லீவில் நான் அவர் வீட்டில் அழுத அழுகையைத் தாங்க முடியாமல்தான் இரவலாகக் கொடுத்தார்.

"கோயில் நோம்பிக்கு வாரேன் கண்ணு. அப்ப வாங்கிக்குவேன். ஒரு கீறல் உழுகாம வெச்சிருக்கோணும்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். வழி நெடுக அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இங்கே தூங்குகிறீர்களோ என்பார்கள். எங்களுக்கோ தறி நின்றால்தான் தூக்கம் கலையும். வீட்டில் பேச்சு என்றாலே கத்தல்தான். தறிக்கு நடுவே நிற்கும்போது கத்தலும் எடுபடாது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், மிச்சத்துக்குக் கையை ஆட்ட வேண்டும். இந்த வித்தையில் வீட்டிலேயே நான்தான் கெட்டிக்காரி. கூடத்தின் அந்தக் கோடியில் அப்பா நூல் வியாபாரியிடம் என்ன பேசுகிறார் என்பதை இந்தக் கோடியில் இருந்து வரி பிசகாமல் அம்மாவுக்குச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெட்டியை எங்கள் டிவியில் மாட்டியபோது என் முகம் தொங்கிப்போனது. படம் முழுக்கப் புள்ளி. குட்டி ஆள் மழையில் நனைந்தவன் போல ஓடினான். மாமன் வீட்டில் டிவியின் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்து ஆடியபோது அதில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே அது வரவே இல்லை. "ஒரே இரைச்சலா இருக்குது" என்று அண்ணனும் சொன்னான். எனக்கு இரைச்சல்கூடக் கேட்கவில்லை, ஆனால் அவன் என் கட்சியில் சேர்ந்ததே பெரிய விஷயம் என்பதால் தலையாட்டினேன்.

சித்தப்பா வந்து சேர்ந்தது அப்போதுதான். கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுவது அவர் தொழில். ஒலி சரியில்லை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கை பரபரக்கும். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறதாம். படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஆன்டெனா வழியாக டிவிக்கு அனுப்புவது அதன் வேலையாம். டிவி அதை வாங்கி மறுபடியும் பிரிக்க வேண்டும். கலந்து பிரிக்கிற அந்தக் குளறுபடியில்தான் இத்தனை புள்ளியும் இரைச்சலுமாம்.

"தகரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே படத்தைத் தனியா, சத்தத்தைத் தனியாப் புடிச்சு வெளிய எடுத்துப்போடலாம். மஞ்ச ஒயர்ல படம், வெள்ளை ஒயர்ல சத்தம். அப்பறம் பாரு கண்ணு, சி.டி. போட்டாப்பல இருக்கும்."

"மாமன் கீறல் உழுகக் கூடாதுன்னாங்க சித்தப்பா."

"கீறலே உழுகாது. ஓட்டைதான் போடோணும்."

வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. அந்தப் பாட்டு எனக்கு வேண்டும். வேண்டும் என்று சொல்லவும் பயம். மாமன் முகம் கண்முன்னால் வந்து நின்றது. நான் இரண்டும் சொல்லாமல் நிற்கும்போதே சித்தப்பா திருப்புளியால் மூடியைக் கழற்றிவிட்டார்.

ஆணியை அடுப்பில் காய்ச்சிப் பெட்டியின் பின்பக்கம் குத்தினார். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வீடெல்லாம் பரவியது. இனி எதைக் கொண்டு அடைத்தாலும் அந்த ஓட்டைகள் மறையாது. சால்டரிங் இரும்பு பச்சைப் பலகையைத் தொட்டுப் புகை எழும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு டிரான்சிஸ்டரையும் அதற்குத் துணையாக மிளகு அளவில் சில சாமான்களையும் வைத்துப் படத்துக்கு ஒரு வழி பண்ணினார். சத்தத்துக்கு வேறு ஒரு ஒயர். மூடிவிட்டு டிவியில் மாட்டினால், ஒன்றுமே இல்லை. கறுப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா மறுபடி கழற்றி, விட்டுப்போன எர்த் ஒயரைப் பற்றவைத்தார்.

படம் வந்தது. அப்படி ஒரு படத்தை அந்த டிவியில் நாங்கள் பார்த்ததில்லை. குட்டி ஆளின் சட்டைப் பட்டன் தெரிந்தது. மேலிருந்து கீழாக மெல்லிசான கோடுகள் மட்டும் இருந்தன. எட்டிப் பார்த்த அப்பா, "தறியில பாவு நூல் ஓட்டுனாப்பல இருக்குதேடா" என்று சிரித்துவிட்டுத் தறிக்குப் போனார். சித்தப்பா ஓர் ஒயரைத் தள்ளிவைத்ததும் அதுவும் மங்கிவிட்டது.

"பாட்டு வர்லீங்க சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "வருதே கண்ணு. தறிச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

டிவியில் சத்தத்தைக் கூட்டினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே எதையோ மாற்றினார். மைக் செட்டுக்கு வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்றைக் கொண்டுவந்து இடையில் கோத்தார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "போதுங்க சித்தப்பா, மண்டையிடிக்குது" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பெட்டியைக் கெடுத்தாகிவிட்டது, அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் சின்னப்பிள்ளையை ஏய்க்கிறார்கள். நோம்பிக்கு மாமன் வந்து கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

"நீங்க கெடுத்துப்போட்டீங்க! மாமன் கிட்ட நான் என்னங்க சொல்லுவேன்?" என்று கத்தினேன்.

சித்தப்பா என்னையே பார்த்தார். பிறகு எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார். அப்பாவிடம் அவர் பேசியதை வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவர், "ஆடு கண்ணு, நான் பின்னால பாக்கறேன்" என்று டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

ஆடினேன். கொஞ்ச நேரத்தில் தரையின் நடுக்கம் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கும்போது அப்பா தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று பதறினேன். அந்தப் பதற்றத்தில் குட்டி ஆளைக் குழியில் விட்டுவிட்டேன். டிவி ஒரு நொடி கறுப்பானது. அந்தக் கறுப்பில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் தெரிந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அம்மணி, அம்மணி என்றது அந்த வாய்.

திரும்பினேன். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ, அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

இன்று காதில் கருவி மாட்டிக்கொண்டு இதை எழுதும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வேறு எந்த வீட்டிலாவது பிறந்திருந்தால் என் காது மங்கிக்கொண்டு வருவதை எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். கத்திப் பேசி, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற வீட்டில் அதை யார் கண்டார்கள்? கூப்பிட்டால் திரும்பாததைப் பள்ளிக்கூடத்தில் திமிர் என்றார்கள். வீட்டில் விளையாட்டுப் புத்தி என்றார்கள். சித்தப்பா சத்தத்தை அத்தனை சுத்தமாக வெளியே எடுத்த பிறகுதான் பழி போட வேறு ஒரு பொருளும் இல்லாமல் போனது.

ஆனால் அன்றைக்கு நான் கண்டதெல்லாம் அப்பாவின் முகம்தான். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்றால் அது சாதாரணக் கோபம் இல்லை. நான் கத்தியதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். மாமனின் பெட்டியைக் கெடுத்ததற்குச் சித்தப்பாவை என்ன செய்யப்போகிறாரோ என்று நடுங்கினேன். எனக்கு அவர்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் சித்தப்பா எனக்காகத்தானே இத்தனையும் செய்தார்? அவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தோன்றியது.

"இப்ப நல்லாக் கேக்குதுங்கப்பா" என்றேன். "பாட்டுக்கூட வருதுங்க. சித்தப்பா சரி பண்ணிப்போட்டாங்க." நம்பிக்கை வரட்டும் என்று மாமன் வீட்டில் கேட்ட அந்தப் பாட்டைத் தலையை ஆட்டி ஆட்டிப் பாடியும் காட்டினேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிவிக்குப் பின்னாலிருந்து சித்தப்பா மெல்ல எழுந்தார். டிவியிலிருந்து பிடுங்கிய, சத்தத்துக்கான வெள்ளை ஒயர் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடி விழும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. சின்னப் பொய்க்குக்கூடச் சும்மா விடாத மனிதர், இவ்வளவு பெரிய பொய்க்கு ஏன் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை.