ஏகாம்பரம் சார் சொன்ன ‘சரி’

செய்தியை எனக்குச் சொன்னது கயல்விழி. எங்கள் கல்லூரியில் தாவரவியல் படித்த திருநங்கை. இப்போது காஞ்சிபுரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். “மேடம், நம்ம ஏகாம்பரம் சார் பூட்டாரு மேடம்” என்றவள் அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் ஒரே விஷயம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டோம். இதைப் படிப்பவர்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அது எதுவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் கயல்விழி தன் பெயரை மாற்றிக்கொண்டு, சுடிதாரில் வகுப்புக்கு வந்தாள். ஆசிரியர் அறையில் ஒரே குசுகுசுப்பு. “நமக்கு எதுக்கு வம்பு?” என்று சொன்னவள் நான்தான். தாவரவியல் ஏகாம்பரம் மட்டும் நேராக அவளிடமே போய், “உன்ன இன்னான்னு கூப்புடணும்?” என்று கேட்டார். வருகைப் பதிவேட்டில் பழைய பெயருக்கு மேல் பென்சிலால் புதுப் பெயரை எழுதிக்கொண்டார்.

கை திருந்தியது, வாய் திருந்தவில்லை. பையன்களை அழைக்கும் பழக்கத்தில் அவளையும் “வாடா ராஜா” என்றுவிடுவார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, கரும்பலகை முன் தோப்புக்கரணம் போடுவார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி. முதல் நாளே ஏழு. பக்கத்து வகுப்பில் என் வேதியியல் பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். கல்லூரியே ரசித்தது.

நான்காம் நாளிலிருந்து கயல்விழி வரவில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது. வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது. ஏகாம்பரம் போனில் கேட்டதற்கு, படிப்பையே நிறுத்தப் போவதாகச் சொன்னாள். என்னையும் இழுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடையில் அவளைச் சந்தித்தார்.

“எவன்மா உன்ன கிண்டல் பண்ணான்? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

“நீங்கதான் சார்” என்றாள் கயல்விழி. “நீங்க தோப்புக்கரணம் போட்டுக்கினு இருந்தா கிளாஸே என்னைத்தான் பாக்குது. தப்பா சொல்லிட்டா, திருத்திச் சொல்லிட்டுப் பாடத்த நடத்துங்க. எனக்கு அது போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காகத்தானே மனிதர் இத்தனை பாடு படுகிறார் என்று பரிந்து பேச வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்திவிட்டார்.

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

கயல்விழி திரும்பி வந்தாள். அவர் அன்றும் ஒரு முறை தவறினார்; திருத்திக்கொண்டு, வேர்களைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தார்.

அடுத்த மாதம் செடி சேகரிக்கத் திருமுக்கூடலுக்குப் போனோம். பேருந்தில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்பது எங்கள் வழக்கம். கயல்விழி படியில் ஒரு காலை வைத்தபடி தயங்கி நின்றாள். “காத்து வேணுங்கறவங்க ஜன்னலாண்ட, தூங்கறவங்க பின்னால!” என்று ஒரு சத்தம் போட்டார் ஏகாம்பரம். அவள் ஜன்னலைப் பிடித்தாள். வாலாஜாபாத் வரைக்கும் வாந்தி எடுத்தாள். “வாந்தி எடுக்கறவங்களுக்கு எந்த சீட்டுன்னு நீங்க சொல்லவேயில்லியே சார்?” என்று அவள் கேட்டதற்கு, பேருந்திலேயே அதிகம் சிரித்தவர் அவர்தான்.

அவர் போன மறுவாரம், என் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தனியாக வந்து நின்றான். “மேடம், இன்னிக்கு நீங்க அடிச்ச ஜோக்கு என்னை மாதிரி ஆளுங்களப் பத்தினது. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க.” ‘விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆனால்...’ என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“சரிப்பா. இனிமே சொல்ல மாட்டேன்” என்றேன்.

ஏகாம்பரம் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான், பின்னால் ‘ஆனால்’ சேராத அந்தச் ‘சரி’யை. மறுநாள் அந்தப் பையன் வகுப்புக்கு வந்தான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.