பின்மூலை சூட்

ஆபீஸில் அவளுக்கு ‘சூட் அக்கா’ என்று பெயர். உல்லாசக் கப்பல்களில் அறை பதிவு செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில், பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாதாரண அறைகளை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். கப்பலிலேயே உசத்தியான சொகுசு அறையான சூட், மொத்தக் கப்பலுக்கும் நாலோ ஆறோதான் இருக்கும், அதுதான் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், மற்றவர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பி அவளைத்தான் பார்ப்பார்கள்.

“எல்லாம் போயிடுச்சுன்னு போட்டிருக்கே?” என்பார் வந்தவர்.

“இன்னிக்கு இல்ல சார். இன்னிக்கு இல்லைங்கறது வேற, கிடைக்காதுங்கறது வேற” என்பாள்.

சும்மா வாய்ச்சவடால் இல்லை. விற்பனை திறந்த அன்றே அந்த சூட்டுகளை அள்ளிக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் முதலில் பிடித்துவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்கள். கப்பல் கிளம்ப நாலு மாதம் இருக்கும்போது முழுப் பணமும் கட்டியாக வேண்டும். அந்தக் கெடு வந்ததும் ஒவ்வொருவராக நழுவுவார்கள். மறுநாள் காலை அந்த அறைகள் திரும்பவும் கம்ப்யூட்டர் திரையில் வந்து விழும். பத்து நிமிஷம் இருந்தால் பெரிது. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். டீ கிடையாது, பேச்சு கிடையாது. யாராவது போய் “என்னக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் வள்ளென்று விழுவாள்.

வாரத்துக்கு ஏதாவது ஒரு கப்பலுக்குக் கெடு வந்துகொண்டே இருக்கும். அதனால் அவள் லீவு போட்டதே இல்லை. கப்பலில் போனதும் இல்லை. ஒரே ஒரு தடவை, கப்பல் கம்பெனிக்காரர்கள் ஏஜெண்டுகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். பின்பக்கம் மூலையில் இருந்த சூட்டை அன்றைக்குத்தான் பார்த்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பால்கனி. கட்டிலில் படுத்தபடியே கப்பல் விட்டுப்போகும் தண்ணீரைப் பார்க்கலாம். அங்கே நின்ற நாலு நிமிஷமும் அவள் வீட்டுக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் பெரிய பெரிய கட்டடங்களின் நடுவே, லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழிக்குள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிரீஸும் தூசியுமாக வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“நீ ஊருக்கெல்லாம் விக்கிறியே, அந்தக் கப்பல்ல நாமளும் ஒரு தடவ போயிட்டு வரலாமா? எட்டு நாள்தானே.”

“போலாங்க. ஆனா உள்ரூம்ல எல்லாம் உங்களக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

“அதென்ன உள்ரூம்?”

“கப்பலுக்கு நடுவுல இருக்கும். ஜன்னல் கிடையாது. லைட்ட அணைச்சா கை தெரியாது.”

“முப்பது வருஷமா நான் எங்கடி இருந்தேன்? அது எனக்குப் பொறந்த வீடு மாதிரி. அதையே போடு.”

அவள் சிரித்தாளே தவிரப் போடவில்லை. வாழ்நாளெல்லாம் சுவரைப் பார்த்த மனுஷனுக்கு மறுபடியும் நாலு சுவரா? கூப்பிட்டுப் போனால் பின்மூலை சூட், இல்லாவிட்டால் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. அதோடு நாலு வருஷச் சேமிப்பையும் சேர்த்தால் முடியும். அறை விழ வேண்டும், அவ்வளவுதான். விழுகிற அறையைப் பிடிக்கிறவளுக்கு அது ஒரு விஷயமா?

அந்தப் பின்மூலை சூட் உள்ள கப்பல் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கிளம்பும். முதல் வருஷம் விழுந்தது. ஆனால் காத்திருப்போர் லிஸ்டில் ஊழியர் பெயர் வாடிக்கையாளர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். அவளுக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் இருந்தார். தன் பெயரைப் போட்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. போடவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, “சார், கிடைச்சிடுச்சு” என்று சிரித்த குரலில் சொன்னாள்.

வீட்டில் வந்து சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “சரி விடு. உள்ரூம் இருக்கா?”

“அது எப்பவும் இருக்கும். அதுக்கு என்ன அவசரம்?”

அடுத்த வருஷம் ஒரு சூட்டும் விழவில்லை. மத்தியானம் வரை திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அதற்குள் அவருக்கு இருமல் வந்திருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பரிசோதிக்கிற மாதிரி தட்டிப் பார்ப்பார். மூச்சு வாங்குவதை மறைக்க அவருக்குத் தெரிந்த வித்தை அது. நுரையீரலெல்லாம் பழைய தூசி என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்தது.

“அக்கா, பால்கனி ரூம் ஒண்ணு காலியா இருக்கு. கப்பல் அடுத்த மாசமே கிளம்புது. சாரால நடக்க முடியும்போதே போயிட்டு வந்துடுங்க” என்றார் மேனேஜர்.

“பால்கனி ரூமா? நானா?” என்றாள்.

இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் பிரியத்தில் பாதி வீம்பு என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக எல்லாரிடமும் ‘காத்திருங்க, விழும்’ என்று சொல்லிச் சொல்லி, காத்திருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று அவளே நம்பிவிட்டாள்.

மூன்றாம் வருஷம் கெடுவுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இனி மாசக் கணக்கு இல்லம்மா. வாரக் கணக்குதான்” என்றார். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை அரை மணி முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது ஏழுக்குப் பின்மூலை சூட் விழுந்தது. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. தங்கள் இரண்டு பேர் பெயரையும் டைப் பண்ணி அறையைப் பிடித்து வைத்தாள். ஆபீஸே எழுந்து கைதட்டியது. கப்பல் கிளம்ப இன்னும் நாலு மாதம் இருந்தது; டாக்டர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. அவள் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, அறையின் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். காகிதத்தை அவர் மடியில் விரித்தாள்.

“கிடைச்சிடுச்சுங்க. இது கட்டில். இந்தப் பக்கம் பூரா கண்ணாடி. வாசல் அகலம், மெஷினோட உள்ள போயிடலாம்.”

அவர் நிதானமாகப் பார்த்தார். விரலால் நடைபாதையைத் தொட்டுக்கொண்டே போனார். “லிஃப்ட் ரொம்பத் தள்ளி வச்சிருக்கான்” என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்க.”

“எனக்குக் கடல் மேல எல்லாம் ஆசை இல்லடி. கப்பல்ல ஏறிட்டா நீ ஆபீஸ் போக முடியாதில்ல? எட்டு நாள் என்கூடவே இருப்பன்னுதான் கேட்டேன்.”

மூன்று வருஷமாக அவர் கேட்டது இதைத்தான். எந்த வாரமும் லீவு போட்டுக் கொடுத்திருக்கலாம், எந்த அறையும் வேண்டியிருந்திருக்காது.

அங்கேயே உட்கார்ந்தபடி மேனேஜருக்குப் போன் போட்டாள். “சார், அந்த சூட்ட லிஸ்ட்ல அடுத்து இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுங்க. எனக்கு எட்டு நாள் லீவு வேணும்.”

“எப்பலேர்ந்து அக்கா?”

“இப்பலேர்ந்து.”

மத்தியான வெயிலில் கண் கூசியது. எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடி, கதவையும் சாத்திவிட்டு, கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“உள்ரூம் இப்படித்தான் இருக்குமா?” என்றார்.

“இதவிடச் சின்னதுங்க.”

“போதுமே” என்று அவள் கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் லீவு கேட்டிருந்தாள். அவர் ஐந்து நாள் இருந்தார்.