கள அலுவலர் இல்லாத களம்

சுனாமிக்குப் பிறகு கடலூரில் அலுவலகம் திறந்த ஓர் அறக்கட்டளையில் நான் ஜீப் ஓட்டினேன். சிறு குழுக்களுக்கு நிதி கொடுப்பது அவர்கள் வேலை. நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் எனக்குப் பயம். வண்டி ஓடினால் பிரேக் பிடிக்குமா என்று, நின்றால் திரும்பக் கிளம்புமா என்று.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கடலோர ஊரில் கருவாடு போடும் பெண்கள் குழு இருந்தது. மீனை மணலில்தான் காயவைத்தார்கள்; அதற்கு மேடாக ஒரு சிமெண்ட் களம் கேட்டிருந்தார்கள். கொடுப்பதென்று முடிவும் ஆகிவிட்டது. ஆனால் அடிக்கடி போய்ப் பார்த்து எழுத ஒரு கள அலுவலர் சேர்ந்த பிறகுதான் பணம் இறங்கும் என்றது சென்னைத் தலைமை அலுவலகம். மிகத் தகுதியான ஆள் கிடைக்கும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டது.

பட்டம், அனுபவம், ஆங்கிலம் எல்லாம் இருந்தாலும் போதாது. நேர்காணலுக்கு வந்தவரை ஓர் ஊருக்குக் கூட்டிப்போய், மக்களோடு எப்படிப் பழகுகிறார் என்று பார்ப்பார்கள். அதற்கு அவர்கள் பிடித்த ஊரும் இதே ஊர்தான். ரோடு நன்றாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

முதல் தடவை, களம் கட்ட ஆள் வந்துவிட்டது என்று அந்தப் பெண்கள் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். பரீட்சை என்று தெரிந்த பிறகு, ஜீப் நின்றதுமே குழுத் தலைவி என் பக்கம் வந்துவிடுவார்.

"என்னா தம்பி, இன்னிக்கி பொண்ணா, மாப்ளயா?"

"பொண்ணுக்கா. சேத்தியாத்தோப்பு."

"தேறுமா?"

"தெரியலியேக்கா. எனக்கே படபடன்னு வருது."

"ஒனக்கு என்னாத்துக்குடா வருது? பரீட்ச ஒனக்கா?"

அந்தப் பெண் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். திரும்பும்போது, இவள்தான் என்று நினைத்தேன். மறுநாள் எங்கள் மேலாளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கமான பொண்ணுப்பா. இங்கிலீஷ்ல ரிப்போர்ட்டு எழுத வரல. மெட்ராஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

அடுத்த வருஷம் ஒருவர் தேறினார். களத்துக்கு அளவெடுக்க நாள் குறிப்பதற்குள், அந்தத் தகுதிக்கு டெல்லியில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு படித்தவர் கடலூரில் எத்தனை நாள் இருப்பார்?

அதற்கப்புறம் பெண்கள் தாங்களாகவே ஒரு யோசனை செய்தார்கள். வருகிறவர் யாரானாலும் நாமே தேற்றிவிடுவோம் என்று. அடுத்து வந்த பையன் உட்கார்ந்ததுதான் தாமதம், இருபது பேரும் ஒரே நேரத்தில் குறைகளைக் கொட்டினார்கள். அவன் ஏதோ கேட்க வாயெடுக்கும் முன்பே பதில் வந்து விழுந்தது. மக்களைப் பேச வைத்தால் மார்க்கு என்று எண்ணிவிட்டார்கள். பையன் வாயே திறக்கவில்லை என்று அலுவலகத்தில் எழுதி, அவனையும் தள்ளிவிட்டார்கள்.

கடைசியில், தகுந்த ஆள் அமையவில்லை என்று கடலூர் அலுவலகத்தையே மூடினார்கள். எனக்கும் வேலை போயிற்று. வண்டியை ஒப்படைப்பதற்கு முன், சொல்லிவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். ஐப்பசி மாதம். கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எங்கடா ஆளு?" என்றார் அக்கா, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து.

"ஆளு இல்லக்கா. ஆபீசே இல்ல இனிமே."

அக்கா தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மீன்மேல் இழுத்து விரித்தோம்.

"அந்த சேத்தியாத்தோப்புப் பொண்ணு என்னா பண்ணுது?"

"சிதம்பரத்துல ஜவுளிக்கடயில பில்லு போடுதுக்கா."

"நல்லாத் திருப்புச்சு மீன," என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் தார்ப்பாயின் ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை. மணலுக்குள் ஓடி, அடியில் புகுந்து மீனை நனைத்துக்கொண்டிருந்தது.